தேன் நிறத்தில் ஓர் எண்ணெய்க் கறை

திங்கட்கிழமை. காலை 6.40.

சலவைக்கூடத்தின் பின்புறக் கொட்டகையில் டிரைவர் வண்டிக்குள் உட்கார்ந்து சாவியைத் திருகினான். 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம். மறுபடியும் திருகினான். மறுபடியும் 'டொக்'. அதோடு சரி.

பதினெட்டு வருடத்து டீசல் கார் அது. பின் சீட்டைக் கழற்றிவிட்டு, ஆஸ்பத்திரிகளுக்கு வெளுத்த விரிப்புகளை மூட்டை கட்டி ஏற்றுகிற கார். குளிர் நாளில் இருமும், மேட்டில் முனகும். ஆனால் கிளம்ப மாட்டேன் என்று ஒருநாளும் அடம் பிடித்ததில்லை.

7.30. மெக்கானிக் வந்தான். வண்டிக்கு அடியில் படுத்து, பெரிய நட்டில் ஸ்பானரை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினான். இம்மியும் அசையவில்லை.

"இன்ஜின் ஜாம். உள்ளே எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு. முந்தாநாள்தான் சர்வீஸ் பண்ணி அனுப்பினேன். யாரோ வண்டியைக் கண்மண் தெரியாம விரட்டியிருக்காங்க."

8.00. மேனேஜர் தீர்ப்பே சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. வண்டிக்கு இரண்டு சாவி; ஒன்று ஆபீஸில், இன்னொன்று டிரைவரிடம். திருட்டுத்தனமாக எடுத்துப்போய் ஊர் சுற்றி இன்ஜினைக் கொன்றுவிட்டுக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். மதியம் பன்னிரண்டு மணிக்குள் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் போலீஸ்.

8.45. நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில், கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு ஒரு பெரியவர் படுத்திருந்தார். இரண்டு நாளாகக் கடைவாய்ப் பல் வலி. டிரைவரின் மாமனார். முப்பத்தோரு வருடம் போலீஸ் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர். படித்தது ஐந்தாவது வரைக்கும். எத்தனையோ இன்ஸ்பெக்டர்கள் பின்னால் உட்கார்ந்து வழக்குப் பேசினார்கள். இவர் முன்னால் உட்கார்ந்து காதைக் கொடுத்தார். தெருவில் இவருக்கு ஜீப்புக்காரர் என்று பெயர்.

மகள் வந்து தலைமாட்டில் நின்றாள்.

"அப்பா, எந்திரிங்க. நீங்க வந்து பேசணும்."

"பல்லு வலிக்குது."

"எனக்கு வாழ்க்கையே வலிக்குது. அவரைத் திருடன்கிறாங்க. போலீஸ்ல பேரு ஏறிட்டா வேற எவன்பா ஒரு வண்டிச் சாவியை இவர் கையில குடுப்பான்?"

"உன் புருஷன் வண்டியை எடுத்தானா?"

"எடுக்கலையாம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. எடுக்கலைன்னு சொன்னவங்களைத்தான் முப்பத்தோரு வருஷம் ஜீப்புல ஏத்திட்டுப் போனேன்."

மகள் சட்டையை எடுத்து அவர் மேல் போட்டாள். அதற்கு மேல் படுத்திருக்க முடியுமா? முனகிக்கொண்டே எழுந்தார். அவருக்கு மருமகன் மேல் பெரிய மதிப்பு ஒன்றும் கிடையாது. கேட்ட கேள்விக்குத் தலையைச் சொறிகிற ஆள். உண்மையைச் சொல்லும்போதும் பொய் சொல்கிற மாதிரியே முழிப்பான்.

9.20. சலவைக்கூடத்து வாசலிலேயே ஒரு சண்டை. மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற அக்கா, கையில் ஈர விரிப்பு ஒன்றைத் தூக்கிப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

"பாருங்கய்யா இந்தக் கண்றாவியை! மூணாம் நம்பர் மெஷின்ல காலையில போட்ட முதல் லோடு. அத்தனையிலயும் சாம்பல் கலர்ல திட்டுத் திட்டா. இதை எந்த நோயாளிக்கு விரிக்கிறது?"

யாரும் காதில் வாங்கவில்லை. கார் செத்த வீட்டில் விரிப்புக்கு யார் அழுவார்கள்?

ஆபீஸ் அறையில் முதலாளியம்மா உட்கார்ந்திருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து, வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. காலை ஒரு ஸ்டூலில் நீட்டியிருந்தார். பக்கத்தில் மேனேஜர், முதலாளியம்மாவின் மருமகன். இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. மூலையில் மெக்கானிக். கதவோரம் டிரைவர், தலையைச் சொறிந்துகொண்டு.

"வாங்க. உங்க மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்லி ஒப்புக்கச் சொல்லுங்க. போலீஸ் எதுக்கு, நாலு பேருக்குத் தெரியவா?" என்றார் முதலாளியம்மா.

"புத்தி சொல்றதெல்லாம் கல்யாணத்தப்பவே விட்டுட்டேம்மா. ரெண்டு கேள்வி கேட்டுட்டுப் போயிடறேன்."

"இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார் மேனேஜர். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வைத்தார். உள்ளே வெள்ளைக் கைத்துண்டு. அதன் நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு கறை, நல்ல தேன் நிறத்தில். "காலையில மெக்கானிக் வர்றதுக்கு முன்னாடியே இன்ஜின் ஆயிலை அளக்கற கம்பியை உருவி இதுல துடைச்சு வெச்சுட்டேன். ஆயில் அளவு கரெக்டா மேல் கோடு வரைக்கும் இருந்துச்சு. நிறத்தைப் பாருங்க, அப்படியே பளிங்கு. சர்வீஸ்ல குறையே இல்லை. அப்ப குறை யார்கிட்ட?"

"கம்பியை உருவினது யாரு?"

"நான்தான். என் கையால. வேற யாரையும் கிட்ட விடலை. இவன் ஏதாவது தில்லுமுல்லு பண்ணிடக் கூடாது பாருங்க, பானெட்டை மூடிச் சாவியையும் வாங்கிட்டேன்."

ஜீப்புக்காரர் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் தன் செருப்பைப் பார்த்தான்.

"சர்வீஸ் எப்ப பண்ணினது?"

"சனிக்கிழமை. எனக்கு அதுல இஷ்டமே இல்லை," என்றார் மேனேஜர். "ஸ்டிக்கர்ல ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவைன்னு போட்டிருக்கு. ஓடினது நாலாயிரத்து நூறுதான். இன்னும் தொள்ளாயிரம் பாக்கி. இவன் என்னடான்னா ஆறு மாசம் ஆச்சு, ஆறு மாசம் ஆச்சுன்னு ஒரு வாரமா அத்தை காதுல ஓதி, அவங்களும் சரின்னுட்டாங்க. நான் மீட்டரைத்தான் நம்புவேன். மீட்டர் பொய் சொல்லாது."

"ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கி ஏத்தறப்ப இன்ஜினை அணைப்பீங்களா?" என்று டிரைவரைக் கேட்டார் ஜீப்புக்காரர்.

"இல்லைங்க மாமா. அடிக்கடி ஸ்டார்ட் பண்ணினா பேட்டரி தாங்காது. ஓடிக்கிட்டே நிக்கும். அரை மணி, முக்கால் மணி."

"அந்த முக்கால் மணியை உங்க மீட்டர் எழுதுதா?" என்று மேனேஜரைக் கேட்டார். "வண்டி நின்ன இடத்துல நின்னு ஓடினா மீட்டருக்குத் தெரியாது. இன்ஜினுக்குத் தெரியும். பழைய டீசல் வண்டிக்கு மாசத்தையும் பாக்கணும், மீட்டரையும் பாக்கணும், எது முந்துதோ அன்னிக்குச் செய்யணும். இவன் சொன்னது சரிதான். ஆச்சரியமா இருக்கு."

டிரைவர் தலை சொறிவதை நிறுத்தினான். பாராட்டா, திட்டா என்று அவனுக்குப் புரியவில்லை.

9.50. கொட்டகை. ஜீப்புக்காரர் டிரைவரைத் தனியாக நிறுத்தினார்.

"ஞாயித்துக்கிழமை எங்க இருந்த?"

"வீட்டுல."

"யார் பாத்தா?"

"உங்க பொண்ணு."

"அவ உனக்குத்தான் சாட்சி சொல்லுவா. செல்லாது. சனிக்கிழமை சொல்லு."

"மூணரைக்கு மெக்கானிக் ஷெட்டுல ஆயில் மாத்தினாங்க. பக்கத்துல நின்னு பாத்தேன். அங்கேருந்து நேரா ரெண்டு ஆஸ்பத்திரி. ஏழு பத்துக்கு இங்க உள்ள விட்டேன். ஓட்டச் சீட்டுல எழுதியிருக்கேன்."

"நீ எழுதினதை நான் ஏன் நம்பணும்?"

"நான் எழுதினா போதாதுங்க மாமா. மேனேஜர் வந்து மீட்டரைப் பாத்துக் கையெழுத்துப் போடணும். தினமும் போடுவார்."

சீட்டைக் கொண்டுவரச் சொன்னார். ஷெட்டை விட்டுக் கிளம்பும்போது கடைசி மூன்று எண்கள் 571. கொட்டகைக்குள் விட்டபோது 612. நாற்பத்தொரு கிலோமீட்டர். கீழே மேனேஜரின் கையெழுத்து, வால் நீட்டிச் சுழித்து. கண்ணாடிக்குள் எட்டி மீட்டரைப் பார்த்தார். 612.

முகத்தைச் சுளித்தார். பல் வலியா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

பிறகு குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். கொட்டகைத் தரை முழுக்கப் பல வருடத்து அழுக்கும் டயர் தடமும் அப்பிக் கிடந்தன. இன்ஜினுக்கு நேர் கீழே மட்டும் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குச் சிமெண்ட் வெளேரென்று இருந்தது. விரலால் தேய்த்து முகர்ந்தார். சோப்பு வாசனை.

"இங்க எவன் தரை கழுவினான்?"

"கொட்டகையை யாரும் கழுவ மாட்டாங்களே," என்றான் டிரைவர், நிஜமாகவே முழித்துக்கொண்டு.

10.15. மெக்கானிக்.

"என்ன ஆயில் ஊத்தினே?"

"நல்ல ஆயில்தாங்க. சீல் உடைச்சு, இவர் கண்ணு முன்னாடி ஊத்தினேன்."

"அந்தக் கைத்துண்டைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"சர்வீஸ்ல குறை இல்லைன்னு அவங்களே சொல்லிட்டாங்க. நான் எதுக்குங்க நடுவுல வாயைக் குடுத்து…"

"வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே? ஒரு குடும்பம் தெருவுக்கு வருது. உனக்கு நல்ல பேரு கிடைச்சா போதும், இல்லே? உன் வண்டி எங்க?"

"வாசல்லதான் நிக்குது. டீசல் பிக்கப்."

"அதுக்கு எப்ப ஆயில் மாத்தினே?"

"வெள்ளிக்கிழமை."

"கிளம்பிப் போயிடாதே. கிளம்பினே, பழைய பழக்கத்துல நானே பிடிச்சுக் கொண்டாந்துடுவேன்."

10.40. மெஷின் அக்கா. காலையிலிருந்து முதல் முறையாக ஒரு ஆள் அவளிடம் கேள்வி கேட்டதும், அணை உடைந்த மாதிரி கொட்டினாள்.

"சனிக்கிழமை சாயங்காலம் மூணு மெஷினையும் நானே வெறும் தண்ணியில ஓடவிட்டு, துடைச்சு, வடிகட்டியைக் கழுவி மாட்டிட்டுப் போனேங்க. இன்னிக்குக் காலையில வடிகட்டியைத் திறந்தா, கறுப்பா பிசுபிசுன்னு கிரீஸ் மாதிரி அப்பியிருக்கு. நேத்து எவனோ எதையோ துவைச்சிருக்கான். மேனேஜர்கிட்ட சொன்னேன், 'உன் வேலையைப் பாரு'ங்கறார்."

"வெளி கேட்டை யார் திறக்க முடியும்?"

"நம்பர் பூட்டுங்க. எல்லாருக்கும் தெரியும்."

"இந்த மெஷின் ஹாலை?"

"இதுக்கு ரெண்டே சாவி. ஒண்ணு அம்மாகிட்ட. ஒண்ணு மேனேஜர்கிட்ட. அம்மாதான் கட்டுப் போட்டு ரெண்டு வாரமா வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நாற்காலியிலயே தூக்கிட்டு வர்ற மாதிரி ஆச்சே."

ஜீப்புக்காரர் அவளிடம் ஒரு வெள்ளைக் கைத்துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

11.30. ஆபீஸ் அறை. மேனேஜர் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து டிரைவர் முன்னால் வைத்திருந்தார். "இன்னும் அரை மணி நேரம்தான். எழுதறியா, போன் போடட்டுமா?"

"போன் போடலாம், அவசரம் வேண்டாம்," என்றார் ஜீப்புக்காரர். "முதல்ல இதைப் பாருங்கம்மா."

மெக்கானிக்கை வாசலுக்கு அனுப்பினார். அவன் தன் பிக்கப்பின் ஆயில் கம்பியை உருவி, புதுக் கைத்துண்டில் துடைத்து எடுத்துவந்தான். ஜீப்புக்காரர் அதை மேசையில் விரித்தார். பக்கத்தில் மேனேஜரின் பிளாஸ்டிக் உறை. ஒன்றில் தேன் நிறம். இன்னொன்றில் அடுப்புக் கரி.

"சீச்சீ, இது என்ன இவ்வளவு கறுப்பு? இவன் எத்தனை வருஷமா ஆயில் மாத்தலை?" என்றார் முதலாளியம்மா.

"வெள்ளிக்கிழமை மாத்தினதும்மா. மூணு நாள். சொல்லுடா, இது கெட்ட ஆயிலா?"

"நல்ல ஆயில்தாங்க," என்றான் மெக்கானிக் தரையைப் பார்த்தபடி. "பழைய டீசல் இன்ஜின்ல புது ஆயில் ஊத்தி ஓட்டினா அன்னிக்கே கறுத்துடும். உள்ளே இருக்கற கரியைக் கழுவி வாங்கிக்கும். அதான் அதோட வேலை. கறுக்கலைன்னாத்தான் சந்தேகப்படணும்."

"இதைக் காலையில ஏழரைக்கே சொல்லியிருந்தா, நான் இந்நேரம் பல் டாக்டர்கிட்ட உட்கார்ந்திருப்பேன்," என்றார் ஜீப்புக்காரர். "அம்மா, நீங்க கவனிங்க. சனிக்கிழமை ஆயில் மாத்தினப்புறம் உங்க கார் நாப்பத்தொரு கிலோமீட்டர் ஓடியிருக்கு. மேனேஜரே கையெழுத்துப் போட்டிருக்கார். அப்ப கம்பியில இருக்கவேண்டியது கரி. இருக்கறது தேன். இந்த ஆயில் மெக்கானிக் ஊத்தினது இல்லை. இதை ஊத்தினப்புறம் அந்த இன்ஜின் ஒரு நிமிஷம்கூட ஓடலை. செத்த இன்ஜின்ல ஊத்தின ஆயில் இது. பொணத்துக்குப் பால் ஊத்தின மாதிரி."

முதலாளியம்மா உறையை எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"அதை இவனே ஊத்தியிருக்கலாமே?" என்றார் மேனேஜர். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "ஊரைச் சுத்திட்டு வந்து…"

"எங்க சுத்தினான்? சனிக்கிழமை ராத்திரி மீட்டர் 612. இப்பவும் 612. மீட்டர் பொய் சொல்லாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. வண்டி கொட்டகையை விட்டு நகரவே இல்லை. நின்ன இடத்துலயே ஓடி, நின்ன இடத்துலயே செத்துருக்கு. வயித்துல ஆயில் இல்லாம ஓடினாத்தான் அப்படிச் சாகும். அந்த ஆயில் கொட்டின இடத்தைச் சோப்புப் போட்டுத் தேய்ச்சிருக்காங்க. டிரைவரா இருந்தா மண்ணைத் தூவி மறைச்சிருப்பான். மெக்கானிக்னா திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டான். தரையை விரிப்பு மாதிரி வெளுத்து வெச்சிருக்கறது சலவைக்காரங்க கை. அதே ஆள் ஆயில் படிஞ்ச தன் சட்டையையும் மூணாம் நம்பர் மெஷின்ல போட்டு எடுத்திருக்கார். ஹாலுக்கு ரெண்டு சாவி. ஒரு சாவிக்காரங்க காலைத் தரையில ஊன முடியாது. வண்டிக்கு அடியில எப்படிப் படுப்பாங்க?"

முதலாளியம்மா மெதுவாகத் திரும்பி மருமகனைப் பார்த்தார்.

"டீசல் தெரிஞ்ச எவனும் அந்தத் துண்டை சாட்சின்னு கொண்டுவந்து காட்ட மாட்டான்," என்றார் ஜீப்புக்காரர். "சுத்தமா இருந்தா சரியா இருக்கும்னு நம்பறவர்தான் காட்டுவார். மேனேஜர் சார், ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு வந்தீங்க?"

மேனேஜர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"பத்து மணி," என்றார். பிறகு மாமியாரைப் பார்த்து, "அத்தை, நான் நல்லதுக்குத்தான் செஞ்சேன். கம்பியை உருவிப் பாத்தா தார் மாதிரி கறுப்பு. சர்வீஸ் பண்ணி ஒரு நாள்கூட ஆகலை. டிரைவரும் மெக்கானிக்கும் கூட்டுச் சேர்ந்து ஏமாத்திட்டாங்கன்னு நெனச்சேன். நானே மாத்தி, உங்ககிட்ட நிரூபிக்கலாம்னு…"

"மாத்தினா இன்ஜின் ஏன் சாகுது?" என்று கேட்டார் முதலாளியம்மா.

"கீழ போல்ட்டைக் கழட்டி வடியவிட்டேன். முழுசா வடியலையோன்னு தோணுச்சு. நம்ம மெஷின்ல அழுக்குத் தண்ணி வடியறப்ப டிரம்மைச் சுத்த விடுவோமே… கடைசிச் சொட்டு வரைக்கும் வெளிய வரட்டும்னு… ஸ்டார்ட் பண்ணி ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பிடிச்சேன்."

மெக்கானிக் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான். "போல்ட்டைத் திறந்து வெச்சுக்கிட்டா? ஐயோ சாமி! எத்தனை நேரம்?"

"பத்துப் பன்னெண்டு நிமிஷம். அப்புறம் அதுவா நின்னுடுச்சு."

"நின்னுடுச்சாம்!"

"புது ஆயில் ஊத்திப் பாத்தேன். கிளம்பலை. பயந்துட்டேன்."

"பயந்ததுக்கு நான் திருடனா?" என்றான் டிரைவர். அறையில் அன்று அவன் குரல் உயர்ந்தது அதுதான் முதல் முறை. "இன்ஜின் போனா இன்ஜின் வாங்கிக்கலாம் சார். என் பேரு போனா நான் எங்க போய் வாங்குவேன்?"

முதலாளியம்மா மேசை மேல் கிடந்த வெள்ளைத் தாளையும் பேனாவையும் டிரைவர் பக்கமிருந்து நகர்த்தி மருமகன் முன்னால் வைத்தார்.

"எழுதுங்க மாப்பிள்ளை. நடந்ததை நடந்தபடி. வாசல் போர்டுல ஒட்டணும், எல்லாரும் படிக்கணும்."

"அத்தை, வீட்டு மானம்…"

"அவருக்கும் வீடு இருக்கு. எழுதுங்க." பிறகு டிரைவரிடம் திரும்பினார். "தம்பி, வண்டி சரியாகி வந்ததும் சாவி உங்ககிட்டத்தான். சர்வீஸ் எப்பன்னு இனிமே நீங்க சொல்றதுதான். மாப்பிள்ளை பானெட்டைத் தொடக் கூடாது."

மெஷின் அக்கா கதவிடுக்கில் தலையை நீட்டினாள். "அப்படியே மூணாம் நம்பரையும் தொடக் கூடாதுன்னு எழுதச் சொல்லுங்கம்மா."

12.10. மாமனாரும் மருமகனும் தெருவில் நடந்தார்கள். ஏறிப்போக வண்டி இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.

"மாமா."

"என்ன?"

"நீங்க வர்றப்பவே நான் எடுக்கலைன்னு நம்பித்தான் வந்தீங்களா?"

ஜீப்புக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். பொய் சொல்லியிருக்கலாம். பழக்கமில்லை.

"இல்லை. மீட்டரைப் பாக்கற வரைக்கும் நீதான்னு நெனச்சேன்."

டிரைவர் நாலு அடி நடந்தான். தலையைச் சொறிந்தான்.

"பரவாயில்லை மாமா. நீங்க வருவீங்கன்னு நானும் நம்பலை."

ஜீப்புக்காரர் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வலிக்காத பக்கத்து உதட்டால் சிரித்துவிட்டு, "பல் டாக்டர் ஒரு மணிக்குக் கடையைச் சாத்திடுவான், எட்டி நட," என்றார்.